மாணவர் சிக்கனமும் வலியறிதலும்

தோற்றுவாய்

சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாணவர் பலர் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். அவர்கள்மீது பிழை காண்பதற்கில்லை. அச்சொல் பெரும்பாலும் கண்டிப்பின் மொழியிலேயே அவர்கள் செவியில் விழுந்திருக்கிறது. ‘எங்கள் காலத்தில் நாங்கள் நடந்தே கல்லூரிக்குச் சென்றோம்’ என்று தொடங்கும் அறிவுரை, ‘நீயோ நாள்தோறும் இவ்வளவு செலவழிக்கிறாய்’ என்று முடியும். கேட்பவன் தலைகுனிந்து நிற்பான். மறுநாளே முன்போலச் செலவழிப்பான். சொன்னவர்க்கும் நிறைவில்லை, கேட்டவர்க்கும் பயனில்லை.

1924ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் உலக மாநாடு, அக்டோபர் 31ஆம் நாளை உலக சிக்கன நாளாக அறிவித்தது. நம் நாட்டில் அஃது அக்டோபர் 30ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டி மாணவர்க்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்துதல் வழக்கம். அத்தகைய போட்டிகளில் நடுவராக அமர்ந்து, ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று தொடங்கும் பேச்சுகளைப் பல ஆண்டுகள் கேட்டவன் நான். அவ்வாறு பேசிப் பரிசு பெற்ற மாணவன் ஒருவனே, சில வாரங்கள் கழித்து, தேர்வுக் கட்டணம் கட்டப் பணமின்றி என்முன் வந்து நின்றதும் உண்டு. ‘மேடையில் அவ்வளவு அழகாகப் பேசினாயே’ என்று கேட்க நா எழவில்லை. மாணவப் பருவத்தில் நானும் அவ்வாறு நின்றவன்தான். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சிக்கனத்தைப் பற்றி நாம் பேசும் முறையில்தான் ஏதோ பிழை இருக்கிறது என்பது அன்று எனக்குப் புலனாயிற்று. அப்பிழை யாது என்பதையும், மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் அதற்கு யாது செய்யலாம் என்பதையும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வைத்த இடம்

திருவள்ளுவர் பொருளைப் பற்றிக் கூறப் ‘பொருள் செயல்வகை’ என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். அஃது 76ஆம் அதிகாரம். வரவுக்கு ஏற்பச் செலவிடும் நெறியை அவர் அங்கு வைத்திருப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவர் அதனை அங்கு வைக்கவில்லை. 48ஆம் அதிகாரமாகிய ‘வலியறித’லில் வைத்துள்ளார்.

வலியறிதல் என்பது போருக்குப் புறப்படும் அரசன், தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடுத்த செயலின் வலிமையையும் துணைவர் வலிமையையும் எடைபோட்டுப் பார்ப்பது. அவ்வதிகாரத்தின் முதல் ஆறு குறள்களும் இப்பொருளையே பேசுகின்றன. ஏழாவது குறளில் வள்ளுவர் போர்க்களத்தை விட்டு இல்லத்திற்குள் நுழைந்துவிடுகிறார். எஞ்சிய நான்கு குறள்களில், கொடுப்பதாயினும் அளவறிந்து கொடுத்தல், வரவு சிறிதாயினும் செலவு அகலாதிருத்தல், தன் அளவறிந்து வாழ்தல், பிறர்க்கு உதவுவதிலும் உள்ளதை ஆராய்தல் ஆகியவற்றை அடுக்கிக் கூறுகிறார்.

படையெடுப்பைக் கூறும் அதிகாரத்தில் பணப்பையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? இரண்டும் ஒன்றே என்று வள்ளுவர் கருதினார் என்பது என் துணிபு. தன் கையிருப்பை அறியாதவன் தன் வலிமையை அறியாதவன் ஆகிறான். எனவே சிக்கனம் என்பது கையை இறுக மூடிக்கொள்ளும் கருமித்தனமன்று. ஆசைகளை அடக்கும் நோன்புமன்று. தன் வலிமையின் அளவைத் தானே அறிந்துகொள்ளும் அறிவு. ‘செலவழிக்காதே’ என்று மாணவனிடம் கூறுவதை விடுத்து, ‘உன் வலிமையை நீ அறிவாயா?’ என்று கேட்போமாயின், அவன் தலைகுனியமாட்டான், நிமிர்ந்து பார்ப்பான்.

மயிலிறகுச் செலவுகள்

அதே அதிகாரத்தின் ஐந்தாவது குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டி ஒன்று வருகிறது. மயிலிறகுக்கு எடையே இல்லை எனலாம். ஆயினும் அதனையும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது கருத்து. இன்றைய மாணவரின் செலவுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை.

பெருஞ்செலவால் தடுமாறும் மாணவர் சிலரே. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் போன்றவை முன்கூட்டியே தெரிந்தவை. வீட்டில் கலந்து பேசி ஏற்பாடு செய்யப்படுபவை. மாணவரின் அச்சை முறிப்பவை பத்தும் இருபதுமாகச் செல்லும் மயிலிறகுச் செலவுகளே. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை நடைமுறைக்கு வந்த பின்னர் அவற்றுக்கு இருந்த சிறிதளவு எடையும் போய்விட்டது. முன்பு சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய்த் தாளை எடுக்கும்போது, எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது கண்ணில் படும். இன்று அல்லிநகரத்துத் தேநீர்க் கடையிலும் தேனிப் பேருந்து நிலையத்துப் பெட்டிக் கடையிலும் அட்டையைக் கைபேசிக்குக் காட்டினால் போதும், பணம் போய்விடுகிறது. போவது கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நாள்தோறும் தேநீர், வடை, சிறு தின்பண்டம் ஆகியவற்றுக்கு 30 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 24 நாள் கல்லூரி நடந்தால் 720 ரூபாய். ஆண்டுக்குப் பத்து மாதம் எனக் கொண்டால் 7,200 ரூபாய். மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு முடிவதற்குள் 21,600 ரூபாய். தேநீர் அருந்தக்கூடாது என்பது என் கருத்தன்று. பசித்த வயிற்றோடு பாடம் கேட்கச் சொல்வது அறமுமன்று. 21,600 என்னும் எண் அம்மாணவனுக்குத் தெரியாது என்பதே என் கவலை. தெரிந்து செலவிட்டால் அஃது அவன் உரிமை; தெரியாமல் செலவிட்டால் அஃது இழப்பு.

இன்னும் ஒன்று. கைபேசிக்குக் கட்டும் கட்டணத்தை மாணவர் ‘மாதக் கட்டணம்’ என்றே கூறுகின்றனர். ஆனால் பல திட்டங்களின் காலம் 28 நாள்களே. ஆண்டின் 365 நாள்களை 28 நாள்களாகப் பகுத்துப் பாருங்கள். 12 முறையன்று, 13 முறை கட்டுகிறோம். ஒரு முறைக்கு 300 ரூபாய் எனில், 3,600 ரூபாய் என்று நாம் எண்ணியிருக்க, செல்வது 3,900 ரூபாய். இத்தகைய பதின்மூன்றாம் மாதங்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒளிந்திருக்கின்றன. எழுதிப் பார்ப்பவர்க்கே அவை அகப்படும்.

அணை கற்பிக்கும் பாடம்

எழுதிப் பார்த்த பின் பணத்தைப் பங்கிடுவது எவ்வாறு? இதனைக் கற்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்து வேளாண்மையே அளவறிந்து செலவிடும் கலையின்மீது எழுந்ததாகும்.

1895ஆம் ஆண்டு பென்னிகுவிக் அவர்களின் பெருமுயற்சியால் பெரியாறு அணை செயலுக்கு வந்தது. மேற்கே கடலில் கலந்துகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்நீராலேயே. ஆண்டிபட்டி அருகே 1959ஆம் ஆண்டு வைகை அணை கட்டிமுடிக்கப்பட்டது. அதில் 71 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். மழை பொழிந்தவுடன் அவ்வளவு நீரையும் ஆற்றில் விட்டுவிட்டால் ஒரு வாரம் வெள்ளம். பின்னர் ஆண்டு முழுவதும் வறட்சி. எனவே நீர்மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, எத்தனை நாளுக்கு வரும், எப்போகத்திற்கு எவ்வளவு தேவை என்றெல்லாம் கணக்கிட்ட பின்னரே மதகு திறக்கப்படுகிறது. நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகின்றனர்.

மாதத்தின் முதல் வாரம் மாணவர்க்கு மழைக்காலம். கடைசி வாரம் கோடைக்காலம். முதல் வாரத்தில் பரோட்டாக் கடையில் நண்பர் பட்டாளத்திற்கே விருந்து வைப்பவன், இருபத்தைந்தாம் நாள் பேருந்துக்குச் சில்லறை கேட்டு நிற்பதைக் காண்கிறோம். அவன் ஏழையல்லன், மதகு இல்லாத அணை. வந்த பணத்தை நான்கு வாரமாகப் பிரித்து முறை வைத்துச் செலவிட்டால் அவனுக்குக் கோடையே வராது.

தேக்கி வைப்பதன் நோக்கம் தேக்கி வைத்தலன்று என்பதையும் அணை நமக்குக் கற்பிக்கிறது. வயலுக்குப் பாயாத நீரால் யாருக்கு என்ன பயன்? 1956ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1951ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியது. கொடையாளர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இத்தகைய நிறுவனங்கள் நமக்குக் கூறுவது ஒன்றே. வைத்திருந்தவரே கொடுக்க முடிந்தது. அளவறிந்து வாழ்ந்தவரே வைத்திருக்க முடிந்தது. அளவறிந்து ஈவதைப் பற்றிய குறளும் வலியறிதலில் இடம்பெற்றதன் காரணம் இங்கே விளங்குகிறது.

அம்மாவின் சிறுவாடு

இப்பணம் யாருடையது என்னும் வினாவையும் மாணவர் ஒருநாளேனும் எழுப்பிப் பார்க்க வேண்டும். விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களை நோக்கி ஜீப்புகள் மலையேறுகின்றன. அவற்றில் நெருக்கி அமர்ந்து செல்லும் தாய்மாருள் சிலருடைய பிள்ளைகள் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்வோர், சந்தையில் மூட்டை சுமப்போர், சிறுகடை வைத்திருப்போர் ஆகியோரின் பிள்ளைகளும் உளர். இதனை மாணவர் மனத்தைப் புண்படுத்தக் கூறவில்லை. என் கதையையே கூறுகிறேன்.

என் அத்தா அல்லிநகரத்தில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தேன். இரண்டாம் ஆண்டில், தேர்வுக் கட்டணத்திற்கென்று வீட்டிலிருந்து கொண்டுசென்ற தொகை, நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணியிலும் திரைப்படச் சீட்டிலும் கரைந்துபோயிற்று. ஒரு நாளும் நான் பெருந்தொகை செலவிட்டதில்லை. எல்லாம் மயிலிறகுகளே. கட்டணம் கட்ட இரண்டு நாளே எஞ்சியிருந்தபோது பொய்க்காரணம் ஒன்றைச் சிந்தித்துக்கொண்டே ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அம்மாவிடம் அப்பொய் எடுபடவில்லை. ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குச் சென்று, அரிசிப் பானையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். அவருடைய சிறுவாட்டுப் பணம். ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகச் சுருண்ட தாள்கள், அவற்றோடு நாணயங்கள். தரையில் அமர்ந்து எண்ணினோம். கட்டணத்திற்குப் போக இருபதோ முப்பதோ மிஞ்சியது. அதனையும் வழிச்செலவுக்கென்று என் கையில் திணித்துவிட்டு அம்மா கூறினார்: “செலவழித்தது தப்பில்லை தம்பி. எழுதி வைத்திருந்தால் போன மாதமே உனக்குத் தெரிந்திருக்குமே.”

அன்று மாலை கடையில் அத்தாவின் அருகே அமர்ந்திருந்தேன். ஒரு படி உளுந்து, கால் கிலோ சீனி என்று கடனுக்குப் போன ஒவ்வொன்றையும் அவர் சிட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். இரவில் அவற்றைப் பேரேட்டில் ஏற்றினார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத என் அத்தாவுக்கு, தம் கடையின் வலிமை ஒவ்வோர் இரவும் தெரிந்திருந்தது. பட்ட வகுப்பில் பயின்ற எனக்கு என் பையின் வலிமை தெரியவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை அவரிடமே வாங்கிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் தொடர்கிறது.

எழுதும் முறை

கணக்கெழுதுதல் பெரிய கலையன்று. இரவு படுக்குமுன் ஐந்து மணித்துளி போதும். நோட்டிலும் எழுதலாம், கைபேசியிலும் எழுதலாம். நான் கையால் எழுதுவதையே பரிந்துரைப்பேன். கையால் எழுதும்போது மனமும் உடன் எழுதுகிறது.

செலவுகளை நான்காகப் பிரித்துக்கொள்க. முதலாவது, தவிர்க்க இயலாதது: பயணம், உணவு, ஏடு, எழுதுபொருள். இரண்டாவது, தள்ளிப்போடத் தக்கது: புதிய சட்டை, திரைப்படம், கைபேசிக்கு வாங்கும் உறை. மூன்றாவது, பிறர்க்கானது: நண்பன் பிறந்தநாள், தோழியின் திருமணம், தருமம். நான்காவது, வரப்போவது. இந்த நான்காவதையே மாணவர் மறக்கின்றனர். தேர்வுக் கட்டணம் 1,200 ரூபாய் என்று கொள்வோம். பருவத்தேர்வு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வருவது. அது திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. மாதம் 200 ரூபாய் தனியே எடுத்து வைப்பவனுக்கு அக்கட்டணம் ஒரு செலவாகவே தோன்றாது.

குறைக்கத் தக்கவற்றைக் குறைக்கவும் வழிகள் உள. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய அரசு வழிவகுத்தது. பாடநூல்களை மூத்த மாணவரிடமிருந்து பெற்றுப் படித்து இளையவர்க்குத் தரும் நல்வழக்கம் மீண்டும் தழைக்க வேண்டும். மதுரையில் 2023ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்க இயலாத நூல்களை அங்குச் சென்று படித்துக் குறிப்பெடுக்கலாம். 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் அகலப்பாதையில் ரயில் மீண்டும் வந்துவிட்டதால் அப்பயணமும் எளிதாயிற்று.

ஆயிரம் ரூபாய்

மாணவர் கையில் பணமே இல்லையே, எதனைச் சேமிப்பது என்று கேட்பவர்க்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு ‘புதுமைப் பெண்’ திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் அவர்தம் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது அத்திட்டம். மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் எனில் மூன்றாண்டில் 36,000 ரூபாய். முன்னர்க் கூறிய மயிலிறகுச் செலவு 21,600 ரூபாய் என்பது இத்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு என்பதை நோக்குக.

புதுமைப் பெண் திட்டத்தின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1989ஆம் ஆண்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதனோடு தாலிக்குத் தங்கமும் வழங்கப்பட்டது. அத்திட்டமே 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாற்றம் பெற்றது. மணமேடைக்குச் சென்ற பணம் வகுப்பறைக்குத் திருப்பிவிடப்பட்டது எனலாம். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பியது போன்ற செயல் இது.

ஆனால் திருப்பிய நீரை நாம் மீண்டும் மேற்கே திருப்பிவிடுகிறோமோ என்னும் ஐயம் எனக்குண்டு. வங்கி அட்டை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் இருக்கிறது. மாணவிக்குத் தன் கணக்கில் எவ்வளவு உள்ளது என்பதே தெரிவதில்லை. ‘அவள் கல்யாணத்திற்குத்தானே சேர்த்து வைக்கிறோம்’ என்கின்றனர். அன்பினால் கூறுவதே, மறுக்கவில்லை. வீட்டில் அடுப்பெரிய அப்பணம் தேவைப்பட்டால் அதனைக் கலந்து பேசிச் செலவிடுவதிலும் தவறில்லை. எனினும் அப்பணம் அவள் கல்விக்கு உரியது. அதில் மாதம் 300 ரூபாய் தொடாமல் வைத்தால் 36 மாதத்தில் 10,800 ரூபாய் சேரும். தட்டச்சுத் தேர்வுக்கும் போட்டித் தேர்வு நூல்களுக்கும் கல்வியியல் படிப்பின் விண்ணப்பத்திற்கும் அஃது உதவும். அவள் கணக்கு அவள் கையில் இருக்கட்டும். வலியறிதல் ஆண்மக்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட அதிகாரமன்று.

கடன் என்னும் படுகுழி

கணக்கெழுதாத மாணவனை எதிர்நோக்கி இன்று இரண்டு படுகுழிகள் காத்திருக்கின்றன. எம் காலத்தில் அவை இல்லை.

ஒன்று, கைபேசிச் செயலி வழியே கிடைக்கும் உடனடிக் கடன். ஈடு வேண்டா, பிணை வேண்டா, ஒரு நொடியில் பணம் என்பர். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: 3,000 ரூபாய்க் கடனில் 900 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 2,100 ரூபாய் கையில் தருகின்றனர், ஏழு நாளில் 3,000 ரூபாயாகத் திருப்ப வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 43 ரூபாய்; அதுவும் ஒரே வாரத்திற்கு! கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டு சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அன்று வாசலில் வந்து நின்ற கந்துவட்டி இன்று சட்டைப்பைக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி இத்தகைய கடனுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. கடன் தொகை வாங்குபவரின் கணக்கிற்கே நேரே செல்ல வேண்டும்; ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவை முன்னரே தெரிவிக்க வேண்டும்; கைபேசியில் உள்ள பிறர் எண்களைச் செயலி எடுத்தல் கூடாது. இவற்றை மீறி மிரட்டுவோர் உளரெனில் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் அளிக்கலாம். அஞ்சி ஒடுங்கிவிட வேண்டா.

மற்றொன்று, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு. இதனைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது; 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு தழுவிய தடைச்சட்டம் இயற்றியது. சட்டம் வாயிலை அடைக்கும். சாளரத்தின் வழியே நுழைய முயல்வோரைத் தடுக்க அவரவர் அறிவே காவல். இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்னும் எண்ணம், தன் வலிமையை அறியாதவனின் எண்ணமே.

இல்லாதவர்க்கு என் சொல்வது?

இதுகாறும் கூறியவை ஓரளவேனும் வரவு உள்ளவர்க்குப் பொருந்தும். வரவே இல்லாத மாணவனிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது, காய்ந்த கண்மாயில் நின்று நீர்ப்பங்கீடு பேசுவதை ஒக்கும். அவனுக்கு வேண்டுவது அறிவுரையன்று, உதவி. அரசின் உதவிகளும் என்றென்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம்.

உதவி கேட்கவும் கணக்கு வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளன்று வந்து கண்ணீர் விடும் மாணவனுக்கு உதவுவது கடினம். ‘ஐயா, இன்னும் இரண்டு மாதத்தில் 1,200 ரூபாய் தேவை, 500 சேர்த்துள்ளேன், 700 குறைகிறது’ என்று கணக்கோடு வருபவனுக்கு உதவுவது எளிது. முன்னவன் இரப்பவனாகத் தன்னை எண்ணிக் குறுகுகிறான். பின்னவன் நிமிர்ந்து நிற்கிறான். கடன் செயலியை நாடிச் செல்பவரில் பலரும் வெட்கத்தாலேயே செல்கின்றனர். ஆசிரியரிடம் கேட்க வெட்கம். அத்தாவிடம் சொல்ல அச்சம். செயலியோ முகம் பார்ப்பதில்லை. நாம் முகம் சுளிக்காதிருந்தால் அவர்கள் முகமற்ற செயலியிடம் செல்லமாட்டார்கள்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வட்டியை விலக்கி, அழகிய கடனை உயர்ந்த அறமாகப் போற்றும் மரபு நம்முடையது. ஜமாஅத்துகள் நடத்தும் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் வழங்குவதைத் தாங்கள் அறிவீர்கள். அதே முறையில், கல்லூரிகளில் தேர்வுக் கட்டணத்திற்கென்று ஒரு சிறுகடன் நிதியை ஏற்படுத்தலாகாதா? நாற்பது பேர் தலைக்கு 1,000 ரூபாய் தந்தால் 40,000 ரூபாய். ஒருவர்க்கு 2,000 ரூபாய் வரை எனில் ஒரு பருவத்தில் 20 மாணவர்க்குக் கொடுக்கலாம். அவர்கள் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்த, அதே தொகை அடுத்த பருவத்தில் வேறு 20 பேருக்குச் செல்லும். ஆறு பருவங்களில் 120 முறை ஒரு கட்டணம் கட்டப்பட்டிருக்கும். எம்மதத்தினராயினும் தேவையுள்ள மாணவர் அனைவர்க்கும் அஃது உரியதாக இருத்தல் வேண்டும். கடன் கேட்பவரிடம் நாம் விதிக்க வேண்டிய கட்டுப்பாடு ஒன்றே: மூன்று மாதம் எழுதிய வரவு செலவுக் கணக்கைக் காட்டுதல். அக்கணக்கைப் பார்த்து, ‘வடைக்கு ஏன் இவ்வளவு?’ என்று எவரும் கேட்டல் கூடாது. கேட்டால் அடுத்த மாணவன் கணக்கோடு வரமாட்டான். அல்லது பொய்க்கணக்கோடு வருவான்.

நிறைவுரை

மாணவச் செல்வங்களே! உங்களைச் செலவழிக்க வேண்டா என்று கூற நான் எழுதவில்லை. நண்பனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள். ஈத் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் தங்கைக்கு வளையல் வாங்கிச் செல்லுங்கள். ஆனால் இன்றிரவு படுக்குமுன் ஒரு நோட்டை எடுத்து, இன்று வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று மூன்று வரி எழுதுங்கள். நாளையும் எழுதுங்கள். முப்பது நாள் கழித்து அந்நோட்டு உங்களோடு பேசத் தொடங்கும்.

பெற்றோரே, பெரியோரே! பிள்ளைகளின் கணக்கைக் கேட்பதற்கு முன்னர் நம் வீட்டுக் கணக்கை அவர்களுக்குக் காட்டுவோம். அரிசி என்ன விலை, வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது தெரிந்த பிள்ளை வீண்செலவு செய்யத் தயங்கும். தெரியாத பிள்ளையைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

என் அம்மா இன்று இல்லை. அரிசிப் பானையின் அடியில் இருந்த அத்துணி முடிச்சு என் மேசைப் பெட்டியில் இருக்கிறது. அதில் பணமில்லை. ஆயினும் ஒவ்வொரு பருவத்திலும் தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும்போது அதனை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். பின்னர் வகுப்பறைக்குச் சென்று, ‘கட்டணத்திற்குக் குறைவு உள்ளவர் இடைவேளையில் என்னை வந்து பாருங்கள், கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள்’ என்று கூறுவேன். சென்ற பருவத்தில் நால்வர் வந்தனர். நால்வர் கையிலும் நோட்டு இருந்தது.